ஹார்ட் டிஸ்க்கைக் காணோமா? மாற்றுவதற்கு முன் தட்டிப் பாருங்கள்!

கம்மாபுரத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் கொஞ்சம் நீளம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

"என் மகள் விருத்தாசலத்தில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து அவளுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தோம். இன்டெல் ஐ5, 11-ஆம் தலைமுறை என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. போன மாதம் ரொம்ப மெதுவாகிவிட்டது. பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன், 'புதுசா விண்டோஸ் போட்டுத் தர்றேன் அக்கா' என்று பென் டிரைவோடு வந்தான். பாதியிலேயே 'டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை' என்று நின்றுவிட்டது. கடையில் காட்டினோம். 'டிஸ்க் போயிடுச்சு, மாத்தணும்' என்கிறார்கள். மகளுடைய புராஜெக்ட் முழுவதும் அதில்தான் இருக்கிறது. அதையாவது திரும்பச் செய்துகொள்ளலாம். போன வருஷம் தவறிப்போன என் வீட்டுக்காரர் பேசியது, பாடியது எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. வேறு எங்கேயும் நகல் இல்லை. போனது போனதுதானா?"

போயிருக்காது என்றே நினைக்கிறேன், சகோதரி. லேப்டாப்பை நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு நல்ல செய்திகள் இருக்கின்றன. ஒன்று, விண்டோஸ் போட உட்கார்ந்த நிமிஷம் வரை அந்த லேப்டாப் மெதுவாகவாவது ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு, 'டிரைவ் கிடைக்கவில்லை' என்ற இடத்திலேயே வேலை நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாத டிஸ்க்கை எந்த மென்பொருளாலும் அழிக்க முடியாது. அந்தத் திரையோடு நின்றிருந்தால் உள்ளே இருப்பது இருந்தபடியே இருக்கும்.

இந்த வாரம் நான் சொல்ல வருவதும் இதைத்தான். காணவில்லை என்பது வேறு, கெட்டுப்போனது என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு நல்ல டிஸ்க்கைக் கழற்றிப் போட்டவர்கள் நிறைய. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதனால் பல வீடுகளில் இப்போது விண்டோஸ் 11 போடும் வேலை நடக்கிறது. இந்தப் பிரச்னையும் கூடவே வருகிறது.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். ஜாடியோ கோப்பையோ வாங்குகிறவர்கள் விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று கேட்டால் நல்ல சரக்கு, சத்தம் அடங்கிக் கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கையும் அப்படித் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்குக் காசு செலவில்லை. கால் மணி நேரம் போதும்.

முதல் தட்டு: பென் டிரைவை எடுங்கள்

லேப்டாப்பை முழுவதுமாக அணையுங்கள். விண்டோஸ் போட வைத்திருந்த பென் டிரைவை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். பழைய விண்டோஸ் எப்போதும் போல வந்துவிட்டால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம். வேறு சான்று தேவையில்லை.

சகோதரி, நீங்கள் இதைச் செய்து பார்த்ததாகக் கடிதத்தில் சொல்லவில்லை. முதலில் இதைச் செய்யுங்கள். பழைய விண்டோஸ் வந்தால் வேறு எதையும் தொடாதீர்கள். மகளின் புராஜெக்டையும் உங்கள் வீட்டுக்காரரின் குரல் பதிவுகளையும் வேறொரு பென் டிரைவிலோ வெளியில் மாட்டும் ஹார்ட் டிஸ்க்கிலோ நகல் எடுங்கள். முடிந்தால் இரண்டு இடத்தில் எடுங்கள். புது விண்டோஸ் போடுவதைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம். லேப்டாப் மெதுவானதற்கு டிஸ்க் சோர்ந்துபோனதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே நகல் எடுப்பதை நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

இரண்டாம் தட்டு: பயாஸில் பெயர் இருக்கிறதா?

பழைய விண்டோஸ் வரவில்லை என்றால் அடுத்தது பயாஸ். விண்டோஸுக்கு முன்பே எழுந்து, என்னென்ன உறுப்புகள் மாட்டியிருக்கின்றன என்று கணக்கெடுக்கும் அடிப்படை மென்பொருள் இது. இப்போது வரும் கணினிகளில் இதற்கு யுஇஎஃப்ஐ என்று பெயர். பேச்சு வழக்கில் இன்னும் பயாஸ்தான்.

பவர் பட்டனை அமுக்கியதுமே ஒரு சாவியை விட்டு விட்டுத் தட்ட வேண்டும். டெல், ஏசர், ஏசூஸ் லேப்டாப்களில் பெரும்பாலும் எஃப்2. எச்பியில் எஃப்10. லெனோவாவில் எஃப்1 அல்லது எஃப்2. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் டெலிட். உள்ளே போனதும் 'இன்ஃபர்மேஷன்', 'மெயின்', 'ஸ்டோரேஜ்' போன்ற பக்கங்களில் டிஸ்க்கின் கம்பெனிப் பெயரோ மாடல் எண்ணோ கொள்ளளவோ தெரிகிறதா என்று பாருங்கள். பார்ப்பதோடு சரி. எதையும் மாற்ற வேண்டாம். சேமிக்காமலே வெளியே வந்துவிடுங்கள்.

பெயர் இருந்தால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது, பதில் சொல்கிறது என்று பொருள். சிக்கல் பெரும்பாலும் விண்டோஸ் போடும் பென் டிரைவில்தான். பெயர் இல்லையென்றால் இணைப்பிலோ டிஸ்க்கிலோ கோளாறு இருக்கலாம். கடைக்காரரிடம் பேசுவதாக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். பாதி வைத்தியம் இதிலேயே முடிந்துவிடும்.

பயாஸுக்குத் தெரிவது விண்டோஸுக்கு ஏன் தெரிவதில்லை?

பென் டிரைவிலிருந்து ஓடும் விண்டோஸ் இன்ஸ்டாலரே ஒரு குட்டி விண்டோஸ்தான். உலகத்தில் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் உரிய டிரைவர் மென்பொருள் அதனிடம் இருக்காது. பொதுவானவை சில மட்டுமே இருக்கும். ஹார்ட் டிஸ்க்கும் மதர்போர்டில் நேரடியாகப் பேசுவதில்லை. இடையில் கன்ட்ரோலர் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கன்ட்ரோலரை அடையாளம் தெரியவில்லை என்றால் அதற்குப் பின்னால் எத்தனை டிஸ்க் இருந்தாலும் தெரியாது. தெருவையே தெரியாத தபால்காரருக்கு அந்தத் தெருவில் இருக்கும் வீடு எப்படித் தெரியும்? வீடு இடிந்துபோய்விட்டது என்று அவர் சொன்னால் நாம் நம்புவோமா?

இன்டெல் லேப்டாப்களில் இந்தத் தெருவின் பெயர் வி.எம்.டி. பெரிய சர்வர் கணினிகளில் பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிப்பதற்காக இன்டெல் கொண்டுவந்த ஏற்பாடு இது. 2020-இல் வந்த 11-ஆம் தலைமுறை பிராசசர்கள் வழியாகச் சாதாரண லேப்டாப்களுக்குள்ளும் வந்துவிட்டது. கம்பெனியிலிருந்து வரும்போதே அதற்குரிய டிரைவரோடு விண்டோஸைப் போட்டு அனுப்பிவிடுவதால் வாங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. இரண்டு மூன்று வருஷம் கழித்து யாராவது பொதுவான பென் டிரைவை மாட்டிப் புது விண்டோஸ் போடும்போதுதான், 'டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை, டிரைவரை ஏற்றுங்கள்' என்று திரையில் வந்து நிற்கும்.

உங்கள் லேப்டாப் இந்த வகையா என்று பார்க்க பிராசசர் எண்ணைப் பாருங்கள். ஐ5-1135ஜி7 என்றிருந்தால், கோட்டுக்குப் பிறகு வரும் முதல் இரண்டு இலக்கமான 11-தான் தலைமுறை. 11, 12, 13 என்று ஆரம்பித்தால் முதலில் வி.எம்.டி.யைச் சந்தேகப்படலாம். ஏஎம்டி பிராசசர் என்றால் வி.எம்.டி. கிடையாது. கம்மாபுரம் சகோதரியின் லேப்டாப் 11-ஆம் தலைமுறை. என் சந்தேகமும் இங்கேதான் போகிறது.

டிரைவரைக் கொடுத்தால் டிஸ்க் தெரியும்

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. நான் முதலில் சொல்வது டிரைவரைக் கொடுக்கும் வழியைத்தான்.

வேறொரு கணினியில் உங்கள் லேப்டாப் கம்பெனியின் இணையதளத்துக்குப் போங்கள். 'சப்போர்ட்' பக்கத்தில், லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் கொடுங்கள். 'ஸ்டோரேஜ்' அல்லது 'சேட்டா' என்ற தலைப்பின் கீழ் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி என்ற டிரைவர் இருக்கும். சுருக்கமாக ஆர்.எஸ்.டி. அதைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். தலைமுறைக்குத் தலைமுறை இது மாறும். நண்பர் லேப்டாப்புக்கு ஒத்துவந்தது உங்களுடையதற்கும் ஒத்துவரும் என்று சொல்ல முடியாது.

பலர் சறுக்குவது அடுத்த படியில்தான். பதிவிறக்கிய ஃபைலை அப்படியே பென் டிரைவில் போட்டால் இன்ஸ்டாலருக்குப் புரியாது. ஜிப் ஃபைலாக இருந்தால் விரித்து வையுங்கள். இஎக்ஸ்இ ஃபைலாக இருந்தால் அதற்குள் இருப்பதைப் பிரித்தெடுக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது என்று அதே பக்கத்தில் குறிப்பு இருக்கும். கடைசியில் கிடைக்கும் ஃபோல்டரில் ஐஎன்எஃப் என்று முடியும் ஃபைல் இருக்க வேண்டும். அது இருந்தால்தான் சரியான ஃபோல்டர். அந்த ஃபோல்டரை விண்டோஸ் இருக்கும் பென் டிரைவிலேயே நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

மறுபடி இன்ஸ்டாலரை ஓடவிட்டு, டிரைவ் கிடைக்கவில்லை என்ற திரை வந்ததும் 'லோட் டிரைவர்' என்பதைத் தட்டுங்கள். 'பிரௌஸ்' என்பதில் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். பட்டியலில் வி.எம்.டி. கன்ட்ரோலர் என்று ஒரு வரி வரும். அதைத் தேர்ந்தெடுத்தால் சில விநாடிகளில் டிஸ்க் தெரிய ஆரம்பிக்கும். பல வீடுகளில் கதை இங்கேயே சுபமாக முடிந்துவிடும்.

வி.எம்.டி.யை நிறுத்தலாமா?

இரண்டாவது வழி, பயாஸுக்குள் போய் வி.எம்.டி.யை நிறுத்திவிடுவது. டிரைவரே தேவைப்படாது. யூடியூபில் பெரும்பாலும் இதைத்தான் காட்டுகிறார்கள். சில ஏசர் லேப்டாப்களில் இந்த வசதி கண்ணுக்கே தெரியாது. 'மெயின்' பக்கத்தில் கன்ட்ரோல் சாவியோடு எஸ் சாவியை அமுக்கினால்தான் வெளியே வரும்.

டிஸ்க் புதியதாக இருந்தாலோ, உள்ளே இருப்பது எதுவும் வேண்டாம் என்றாலோ இந்த வழியில் போகலாம். வேண்டியது உள்ளே இருந்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, வி.எம்.டி. இயங்கும் நிலையில் போட்ட பழைய விண்டோஸ், அதை நிறுத்தியதும் எழாமல் போகலாம். நீலத்திரை வந்து நிற்கும். பயந்துவிடாதீர்கள். திரும்பப் போய் பழையபடி மாற்றி வைத்தால் பெரும்பாலும் விண்டோஸும் திரும்பி வந்துவிடும். 'விண்டோஸ் போடப் போய் உள்ளதும் போச்சு' என்று வருகிறவர்களில் சிலருக்கு நடந்திருப்பது இவ்வளவுதான். சகோதரி, அந்தத் தம்பியிடமும் கடைக்காரரிடமும் பயாஸில் எதையாவது மாற்றினார்களா என்று மறக்காமல் கேளுங்கள்.

இரண்டாவது, சில கணினிகளில் இரண்டு டிஸ்க்குகளை ரெய்டு முறையில் சேர்த்து ஒன்றாக ஆக்கியிருப்பார்கள். சிலவற்றில் ஆப்டேன் என்ற வேக நினைவகம் டிஸ்க்கோடு கோத்திருக்கும். அங்கே இந்த அமைப்பைக் கலைத்தால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாமல் போய்விடும். நகல் எடுக்காமல் கை வைக்கவே கூடாது.

மூன்றாவது, பிட்லாக்கர். விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் நமக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் ஏதாவது மாற்றினால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். முதன்முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்தீர்களோ அந்தக் கணக்கில் பெரும்பாலும் அது சேமிக்கப்பட்டிருக்கும். கைமாறி வாங்கிய லேப்டாப் என்றால் முந்தைய உரிமையாளரின் கணக்கில்கூட இருக்கலாம். கீ இல்லையென்றால் எந்த வல்லுநராலும் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது.

ஃப்ளாப்பி காலத்துச் சிக்கல்

இந்தத் தலைவலி இன்றைக்கு வந்ததல்ல. விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வெளிவந்தது. அப்புறம் சேட்டா வகை டிஸ்க்குகள் பரவியபோது எக்ஸ்பி சிடியில் அவற்றுக்கான புதிய டிரைவர் இல்லை. இன்ஸ்டால் ஆரம்பிக்கும்போது திரையின் அடியில், 'வேறு டிரைவர் இருந்தால் எஃப்6 அமுக்கவும்' என்று சில விநாடிகள் ஒரு வரி வந்து மறையும். அதற்குள் எஃப்6-ஐ அமுக்கி, டிரைவர் இருக்கும் ஃப்ளாப்பியைச் செருக வேண்டும். ஃப்ளாப்பி டிரைவே இல்லாத லேப்டாப் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை அந்தக் காலத்தில் கணினி பழுது பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

விண்டோஸ் விஸ்டா வந்த பிறகு டிரைவரைப் பென் டிரைவிலிருந்தே கொடுக்க முடிந்தது. ஆனால் 2009-இல் வந்த விண்டோஸ் 7-க்கு என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை இயல்பாகத் தெரியாது. யுஎஸ்பி 3.0 கூடத் தெரியாது. அதனால் எந்தப் பென் டிரைவிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறதோ அதையே 'காணோம்' என்று சொன்ன கூத்தும் நடந்தது.

எல்லாக் காலத்திலும் காரணம் ஒன்றுதான். கருவி புதியது, இன்ஸ்டாலர் பழையது. இன்டெல் தருகிற டிரைவர் தொகுப்பின் பெயரில் எஃப்6 என்ற சாவியும் ஃப்ளாப்பியின் சுருக்கமும் ஃப்ளாப்பி ஒழிந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பதிவிறக்கும்போது அந்தப் பெயரைப் பார்த்தால் குழம்பாதீர்கள். நமக்குத் தேவையானது அதுதான்.

பயாஸிலேயே பெயர் இல்லையென்றால்

அப்போதும் உடனே டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கழற்றத் தெரிந்தவரை வைத்துக்கொண்டு இவற்றைப் பாருங்கள்.

மேசைக் கணினி என்றால் டிஸ்க்குக்கு இரண்டு கேபிள்கள் போகும். ஒன்று மின்சாரத்துக்கு, இன்னொன்று தகவலுக்கு. இரண்டையும் கழற்றி மாட்டுங்கள். தகவல் கேபிளை மட்டும் மாற்றியதில் பிழைத்த டிஸ்க்குகள் ஏராளம். மதர்போர்டில் வேறு போர்ட்டிலும் மாட்டிப் பாருங்கள். சில மதர்போர்டுகளில் எம்.2 வகை எஸ்எஸ்டியைச் செருகினால் பழைய சேட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டு தானாகவே வேலை நிறுத்தம் செய்துவிடும். புது எஸ்எஸ்டி போட்ட அன்றைக்கே பழைய டிஸ்க் காணாமல் போனால் காரணம் இதுவாக இருக்கலாம்.

லேப்டாப் என்றால் டிஸ்க் தன் இடத்தில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்.2 எஸ்எஸ்டியை ஒருமுறை வெளியே எடுத்து, மறுபடி செருகித் திருகாணியை முடுக்கினால் போதும். புதிதாக வாங்கிப் போட்டது தெரியவில்லை என்றால் வகையைப் பாருங்கள். எம்.2 வடிவத்திலேயே சேட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. அளவு ஒன்று போலவே இருக்கும். சில லேப்டாப்கள் இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும். கடையில் மாற்றிக் கேட்டால் முடிந்துவிடும் காரியம் இது.

இவ்வளவும் பார்த்த பிறகும் பெயர் வரவில்லை, உள்ளே 'டிக் டிக்' என்று அடிக்கும் சத்தம் கேட்கிறது என்றால் அது உண்மையான விரிசல். உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கப் பார்க்கச் சேதம் கூடும். உள்ளே இருப்பது முக்கியமானது என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம்தான் போக வேண்டும். விண்டோஸ் போடுபவர் செய்கிற வேலை அல்ல அது.

அரசு லேப்டாப்பில் பாதி டிஸ்க் எங்கே?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அப்போது வந்த லேப்டாப்கள் பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அக்கா பிளஸ் டூவில் வாங்கியதைத் தம்பியின் பிள்ளைகள் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து இயந்திரங்களில் வி.எம்.டி. கிடையாது. அவற்றில் வருவது வேறு குழப்பம்.

அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தந்தார்கள். சி-டாக் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. டிஸ்க்கின் ஒரு பகுதி விண்டோஸுக்கு, இன்னொரு பகுதி லினக்ஸுக்கு. லினக்ஸ் இருக்கும் பகுதியை விண்டோஸால் படிக்க முடியாது. அதனால் டிஸ்க்கின் முழுக் கொள்ளளவையும் விண்டோஸ் காட்டாது. 'பாதி டிஸ்க் போயிடுச்சு' என்று சிலர் நினைத்துக்கொள்வார்கள். எதுவும் போகவில்லை. அந்த அறையின் சாவி விண்டோஸிடம் இல்லை, அவ்வளவுதான்.

லினக்ஸ் இன்னொரு விதத்திலும் உதவும். உபுண்டு போன்ற லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே 'ட்ரை' என்ற முறையில் ஓட்டலாம். லினக்ஸின் புதிய பதிப்புகளில் வி.எம்.டி.க்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் இன்ஸ்டாலருக்குத் தெரியாத டிஸ்க் இங்கே தெரிந்தால், ஃபைல்களைத் திறந்து பார்த்து வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் மட்டும் இங்கேயும் அந்த 48 இலக்கம் வேண்டும். விண்டோஸ் எழவே இல்லை, உள்ளே வேண்டியது இருக்கிறது என்கிறவர்களுக்கு இதுதான் நல்ல வழி.

கண்டுபிடித்த பிறகுதான் ஆபத்து

டிஸ்க் தெரியாமல் இருந்த வரைக்கும் உங்கள் ஃபைல்கள் பத்திரமாக இருந்தன. டிரைவரை ஏற்றி டிஸ்க் தெரிந்ததும்தான் உண்மையான ஆபத்து ஆரம்பிக்கிறது. 'அப்பாடா, வந்துடுச்சு' என்ற சந்தோஷத்தில் விரல் 'டெலிட்', 'ஃபார்மட்' பக்கம் போய்விடும்.

பட்டியலில் நான்கைந்து பார்ட்டிஷன்கள் தெரியும். வேண்டியது உள்ளே இருந்தால் எதையும் நீக்காமல் அங்கேயே நிறுத்துங்கள். வெளியே வந்து, லினக்ஸ் வழியாக நகல் எடுத்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பழைய விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாமல் அதன் மேலேயே புதியதைப் போட்டால், பழையவை 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டருக்குள் போய் உட்காரும். ஆனால் அதை நம்பி நகல் எடுக்காமல் இருக்காதீர்கள். சில நாளில் விண்டோஸே அந்த ஃபோல்டரை அழித்துவிடலாம்.

'இந்த டிஸ்க் எம்பிஆர் வகை, இதில் விண்டோஸ் போட முடியாது' என்றும் சில நேரம் செய்தி வரும். டிஸ்க் தெரிகிறது, ஆனால் அதன் அட்டவணை பழைய முறையில் இருக்கிறது என்பது இதன் பொருள். கறுப்புத் திரையைத் திறந்து 'கிளீன்' என்று கட்டளை கொடுக்கச் சொல்லிப் பலர் வீடியோ போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு சொல் டிஸ்க்கின் அட்டவணையையே துடைத்துவிடும். உள்ளே இருப்பது அழியாமல் மாற்றித் தர எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை மைக்ரோசாஃப்டே 2017-லிருந்து விண்டோஸோடு தருகிறது. அதையும் நகல் எடுத்த பிறகே பயன்படுத்துங்கள்.

கடையில் என்ன கேட்பது?

இவ்வளவையும் எல்லோரும் வீட்டிலேயே செய்ய முடியாது. கடைக்குப் போவதில் தவறில்லை. நல்ல கடைக்காரர்கள் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். போகும்போது நான்கு விஷயங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. பயாஸில் டிஸ்க் பெயர் தெரிகிறதா? எனக்கு ஒருமுறை காட்டுங்கள்.

2. வி.எம்.டி. டிரைவரை ஏற்றிப் பார்த்தீர்களா?

3. உள்ளே இருப்பது எனக்கு வேண்டும். என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யாதீர்கள்.

4. டிஸ்க்கை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய டிஸ்க்கை என் கையில் கொடுத்துவிடுங்கள்.

நான்காவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். டிஸ்க் உங்களுடையது. அதில் இருக்கும் படங்களும் கணக்குகளும் உங்களுடையவை. இன்றைக்குத் தெரியாத டிஸ்க், நாளைக்கு விஷயம் தெரிந்த ஒருவர் கையில் தெரியலாம். கடையில் விட்டுவிட்டு வந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். உங்கள் வீட்டு விஷயங்கள் யார் கைக்குப் போகும் என்பதும் தெரியாது.

பீங்கான் உடைந்தால் ஒட்டவைத்தாலும் பழையபடி ஆகாது. டிஸ்க் உடையாமலே உடைந்ததாகப் பெயர் வாங்கிவிடுகிறது. தட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்த வாரம்: அந்த 48 இலக்க ரெக்கவரி கீயை எங்கே தேடுவது, கிடைத்ததும் எங்கே எழுதி வைப்பது?